யானைக் கவசத்தின் முன் ஓவிய நோட்டோடு

ஆயுதக் காட்சிக்கூடத்துக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் கேட்பது, "இதால எத்தனை பேரைக் கொன்னிருப்பாங்க?" என்றுதான். ஓவிய ஆசிரியர் அந்த ஆர்வத்தை அடக்க வேண்டாம். இந்த இரும்பை ஒருவர் ஏன் இப்படி வளைத்தார் என்று கேட்டு, பார்வையைக் கைவேலையின் பக்கம் திருப்பினால் போதும்.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் இருக்கிறது ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகம். அங்கே ஒரு தலைக்கவசம் பல்லைக் காட்டிச் சிரிக்கிறது. கிடாவின் முறுக்கிய கொம்புகள், மூக்கின் மேல் கண்ணாடி! இன்ஸ்ப்ரூக் கொல்லர் கொன்ராட் சோய்சன்ஹோஃபர் 1511க்கும் 1514க்கும் இடையில் செய்த இதை, புனித ரோமப் பேரரசர் முதலாம் மாக்சிமிலியன் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றிக்குப் பரிசாக அனுப்பினார். போருக்காக அல்ல, அரசவைக் கொண்டாட்டங்களுக்காக. நெருங்கிப் பார்த்தால் கண்ணோரச் சுருக்கம், மழிக்காத தாடி, மூக்கு நுனியில் ஒரு துளி நீர்கூடத் தெரியும். இதை முழுதாக வரையச் சொன்னால் பிள்ளைகள் கொம்போடு நின்றுவிடுவார்கள். ஒரு கண்ணும் அதைச் சுற்றிய கோடுகளும் மட்டும் போதும். சில கோடுகளில் ஒரு முகத்துக்கு வயது ஏறும் வித்தை அங்கேயே பிடிபடும்.

ஹென்றிக்காக 1520இல் செய்த தரைப்போர்க் கவசத்தில் மூட்டுகளைப் பார்க்க வேண்டும். இறால் ஓட்டைப் போலத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்குகின்றன. மாணவர் தன் முழங்கையை மடக்கிப் பார்த்துவிட்டு வரையட்டும். கறுப்புத் தாளில் வெள்ளைச் சாக்பீஸால் ஒளி படும் இடங்களை மட்டும் தீட்டினால், கோடே இல்லாமல் இரும்பு எழுந்து நிற்கும்.

நிதானமாக நிற்க வேண்டிய இடம் முகலாயர் கால யானைக் கவசம். ஏறக்குறைய 1600ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சென்னை ஆளுநராக இருந்த எட்வர்ட் கிளைவின் மனைவி ஹென்றியட்டா மூலம் 1801இல் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. இன்றைய எடை 118 கிலோ. தொடக்கத்தில் இருந்த 8,439 தகடுகளில் எஞ்சியிருப்பவை 5,840. எல்லாவற்றையும் சிறு இரும்பு வளையங்கள் கோத்துப் பிடிக்கின்றன. எண்ணிக்கையைக் கேட்டு வாய்பிளக்கும் பிள்ளைகளை, சதுரத் தகடுகளின் அருகே அழைத்துப்போக வேண்டும். பாய்ந்து வரும் யானை, தாமரை, பறவை, மீன் எல்லாம் அவற்றில் புடைத்து நிற்கின்றன. யானையின் உடலைக் காக்கும் இரும்பில் யானையையே வடித்த கலைஞரின் கற்பனையை ரசிக்காமல் நகரவே கூடாது.

வகுப்புக்குத் திரும்பியதும் ஆளுக்கொரு சதுர அலுமினியத் தாள் கொடுக்கலாம். அடியில் துணியை மடித்துப் போட்டு, மை தீர்ந்த பேனாவால் பின்பக்கம் அழுத்தி வரைந்தால் முன்பக்கம் உருவம் புடைத்து வரும். ஓரங்களில் துளையிட்டுக் கம்பி வளையங்களால் இணைத்தால் வகுப்பு முழுவதும் ஒரே கவசமாகிவிடும். அசல் கவசத்தின் எட்டுப் பகுதிகளில் இரண்டு தொலைந்துபோயின. அவற்றில் என்னென்ன உருவங்கள் இருந்திருக்கும் என்று பிள்ளைகளே யோசித்து வடிக்கட்டும்.