சேத்தக்கைச் சுதி சேர்த்தல்
பஜாஜ் சேத்தக்கின் டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு ட்யூனிங் என்றால் பெரும்பாலும் கார்புரேட்டர், ஸ்பார்க் பிளக், சைலன்சர் மூன்றையும் ஒத்துப்போக வைப்பதுதான். 1972இல் வந்த இந்த ஸ்கூட்டரின் எஞ்சின் சிறியது, சுமார் 145 சி.சி. அதனால் சின்னக் குறையும் மேட்டில் ஏறும்போது தெரிந்துவிடும்.

பிளக்கில் தொடங்குவதே நல்ல முறை. சற்றுத் தொலைவு ஓட்டிவிட்டுக் கழற்றினால், எஞ்சினுக்குள் நடப்பதை அதன் முனை சொல்லிவிடும். காய்ந்த பழுப்பு நிறம் என்றால் கலவை சரி. கரி படிந்து பிசுபிசுத்தால் பெட்ரோலோ ஆயிலோ கூடிவிட்டது. வெளுத்திருந்தால் காற்று அதிகம். பிஸ்டன் அளவுக்கு மீறிச் சூடேறிச் சிலிண்டரில் பிடித்துக்கொள்ளக்கூடும் என்பதால் மிகவும் அஞ்ச வேண்டியது இந்த வெளுப்புக்குத்தான்.

அடுத்து, சூடான எஞ்சினை ஐடிலிங்கில் ஓடவிட்டு, கார்புரேட்டரின் மிக்சர் திருகைக் கொஞ்சங்கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். ஓரிடத்தில் எஞ்சின் தானாக வேகமெடுத்து, தடுமாற்றம் நீங்கிச் சீராகத் துடிக்கும். மீட்டர் எதுவும் இல்லாமல் அந்த இடத்தைக் காதால் பிடிப்பதில்தான் இந்தக் கைத்தொழிலின் அழகு முழுதும் இருக்கிறது. வீணையின் பிரடையைத் திருகிச் சுதி சேர்ப்பவருக்கும் இதே கவனம்தான் தேவை. பிறகு ஐடிலிங் திருகைத் தளர்த்தி வேகத்தை இறக்கினால் போதும்.

அப்படியும் இழுவை வராவிட்டால் சைலன்சரைப் பார்க்க வேண்டும். பெட்ரோலோடு கலந்த ஆயில் எரிந்து, அதன் கரி புகை வெளியேறும் வழியை அடைத்திருக்கும். அதைச் சுரண்டி எடுத்ததும் வண்டி புதிதுபோலக் கிளம்பும். கார்புரேட்டருக்குப் பெரிய ஜெட், புதிய சைலன்சர் என்று செலவழிப்பதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.