சோறு போடுமா என்று கேட்கும் வீடு

வடக்குப்பட்டைச் சுற்றிய ஒரகடம் தொழிற்பேட்டை வட்டாரத்தில் ஒரு பையன் ஓவியக் கல்லூரிக்குப் போகிறேன் என்றால் வீடு கேட்பது ஒன்றுதான்: "அது சோறு போடுமா?" அதைக் கேலியாகக் கேட்பதில்லை. கம்பெனி பஸ் தெருமுனைக்கே வருகிறது. ஐ.டி.ஐ. முடித்தவன் சம்பளத்தில் குழுக் கடன் அடைகிறது, தங்கை படிக்கிறாள்.

கலைஞர்கள் உருவாவதில் குடும்பத்தின் பங்கு பற்றி இன்றும் பேசப்படுவது அமெரிக்கக் கல்வியியலாளர் பெஞ்சமின் புளூம் 1985இல் வெளியிட்ட ஆய்வு. ஆறு துறைகளில் சாதித்த 120 பேரை எடுத்துக்கொண்டது அது. பியானோ கலைஞர்கள் பலரின் பெற்றோர் பக்கத்திலேயே உட்கார்ந்து பயிற்சியைக் கவனித்திருக்கிறார்கள். சிற்பிகளில் பெரும்பாலோர் சிறுவயதில் முறையாக எதுவும் பயிலவில்லை. ஆனால் ஆய்வில் இடம்பெற்றவர்கள் எல்லோரும் ஜெயித்தவர்கள். ஆசையோடு வீட்டிலேயே நின்றுபோனவர்கள் கணக்கில் வரவில்லை. வீட்டில் யார் எதைத் தாங்கிக்கொண்டார்கள் என்பதுதான் எனக்கு முதன்மையான கேள்வி. அதற்குப் பதில் நம் பக்கத்து வாழ்க்கைகளிலேயே இருக்கிறது.

பரதநாட்டியக் கலைஞர் டி. பாலசரஸ்வதி 1925இல், ஏழு வயதில், காஞ்சிபுரத்தில் ஓர் அம்மன் கோயிலில் அரங்கேறினார். வீணை தனம்மாளின் பேத்தி. சங்கீதத்துக்குப் பஞ்சமில்லாத வீடு. இருந்தும் ஆட்டம் என்றால் தயக்கம். சதிராடும் பெண்களை ஊர் இழிவாகப் பேசிய காலம் அது. பரம்பரையாக ஆடிவந்த குடும்பங்களே பெண்களை விலக்கிக்கொண்டிருந்தன. தாய் ஜயம்மாள் அதை மீறி மகளைக் கந்தப்பா நட்டுவனாரிடம் விட்டார். பிறகு பல ஆண்டுகள் மகளின் கச்சேரிகளில் அவரே பாடினார். பதத்தின் ஒரே வரியைத் தாய் வெவ்வேறு சங்கதியில் திருப்பிப் பாட, மகள் ஒவ்வொரு முறையும் வேறொரு பாவம் பிடிப்பார். "ஆடிக்கொள்" என்று அனுமதிப்பது வேறு, இப்படி ஆண்டுக்கணக்கில் கூடவே உழைப்பது வேறு.

செய்யாறு பக்கத்துப் புரிசையில் தம்பிரான் குடும்பம் தலைமுறை தலைமுறையாகத் தெருக்கூத்து ஆடுகிறது. அரிதாரம் பூசுவதைப் பார்த்தபடியே பிள்ளைகள் வளர்கிறார்கள். நடேசத் தம்பிரானின் கூத்தைப் பார்த்த பாதிப்பு நாடகாசிரியர் ந. முத்துசாமியை 1977இல் கூத்துப்பட்டறை நாடகக் குழுவைத் தொடங்கும் வரை கொண்டுசென்றது. ஆனால் பரம்பரை தானாக எல்லோருக்கும் கிடைக்கவில்லை. பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டிய அரங்கில் மகள்களுக்கு நெடுங்காலம் இடமில்லை.

துவரங்குறிச்சியில் கவிஞர் சல்மாவைப் பருவமெய்தியதும் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். திருமணத்துக்குப் பிறகு கழிப்பறையில் ஒளிந்து எழுதினார். அந்தத் தாள்களை யாருக்கும் தெரியாமல் பதிப்பகத்துக்குச் சேர்த்தது அவர் அம்மா. எதிர்க்கும் வீட்டிலும் ஒருவர் போதும் என்று எனக்குப் படுகிறது; அந்த ஒருவரும் கிடைக்காத பெண்களை நினைத்தால் மனசு ஆறுவதில்லை.

ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தந்தி இலாகாவில் வேலை பார்த்துவிட்டுத்தான் 1936இல் சென்னை ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். அவர் முன்னின்று 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் உருவாக்கிய சோழமண்டலம் கலைஞர் கிராமத்தில் ஓவியர்கள் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்று வயிற்றைக் கழுவினார்கள், மீதி நேரத்தில் வரைந்தார்கள். வீடு கேட்ட கேள்விக்கு அவர்கள் சேர்ந்து கண்ட பதில் அது.

ஒரகடத்துச் சம்பளமும் அப்படி ஒரு பாத்திக் துணியாகலாம். அதற்குத் தடை, மாறிக்கொண்டே இருக்கும் ஷிஃப்ட். இந்த வாரம் பகல், அடுத்த வாரம் இரவு என்றால் ஒத்திகைக்கு எந்த வாத்தியாரிடம் எந்த நேரத்தைச் சொல்வது? வாரத்தில் இரண்டு மாலை மாறாமல் கிடைத்தால், சம்பளத்தையும் விடாமல் அடவும் கற்கலாம். பிள்ளையின் ஆசைக்காகச் சம்பளத்தை இழக்கச் சொல்லி எந்த அம்மாவையும் கேட்க வேண்டியிராது.