ரக்கேல் கேட்ட கேள்வி

அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் முதல் வருட ஸ்பானிஷ் என்றால் 'நூலகம் எங்கே இருக்கிறது?' ரகம்தான். தெரிந்து யாருக்கு என்ன ஆகணும்? அந்தச் சலிப்புக்கு 1992-ல் வந்த மருந்து 'டெஸ்டினோஸ்'. மொழிப் பாடத்தையே டீவி சீரியலாக எடுத்துவிட்டார்கள். அரைமணி எபிசோடு 52 (26 மணி நேரம். பி.காம். புத்தி, கணக்குப் போடாமல் இருக்காது).

மெக்ஸிகோவில் சாகக் கிடக்கும் டான் பெர்னாண்டோவுக்கு ஒரு கடிதம். 1937-ல் கெர்னிக்கா குண்டுவீச்சில் செத்துப்போனதாக நினைத்த முதல் மனைவி பிழைத்திருக்கலாமாம்! லாஸ் ஏஞ்சலஸ் வக்கீல் ரக்கேல் தேடிக் கிளம்புகிறார். செவில்யா, புவனோஸ் அயர்ஸ், போர்ட்டோரிக்கோ... ஊர் மாற மாற உச்சரிப்பும் மாறுகிறது. பாடப்புத்தகத்தால் ஆகாத காரியம்.

ஒவ்வொரு எபிசோடு முடிவிலும் ரக்கேல் நடந்ததை நிறுத்தி நிதானமாகத் திருப்பிச் சொல்வார். கதைக்காகப் பார்க்கிறவனுக்கு எரிச்சல். பாஷை படிக்கிறவனுக்கு வரப்பிரசாதம்.

என் குறை வேறு. ரக்கேல் நம்மைப் பார்த்துக் கேள்வி கேட்கிறார், சரி. பதில் அவர் காதில் விழாதே! நமக்கு இருப்பது போல ஸ்பானிஷிலும் நீ, நீங்கள் உண்டு: 'தூ', 'உஸ்தெத்'. எல்லாருக்கும் ஒரே 'யூ' போட்டு வளர்ந்த பையன், டான் பெர்னாண்டோ வயசுக்காரரைத் 'தூ' என்று கூப்பிட்டாலும் திருத்த ஆளில்லை. வகுப்பில் டீவியை நிறுத்திவிட்டு, 'நீ சொல்லு' என்று டீச்சர் கேட்டால்தான் உண்டு.