கிழக்கே பார்த்த குடை

முதலில் ஒரு பழைய இரும்புக் கதை. 1984 பிப்ரவரியில் சாலஞ்சர் விண்கலம் 'வெஸ்டார் 6' என்ற அமெரிக்கச் செயற்கைக்கோளை வெளியே விட்டது. அதன் மோட்டார் சொதப்பி, யாருக்கும் பயன்படாத உயரத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. அதே வருஷம் நவம்பரில் டிஸ்கவரி போய் அதைப் பிடித்துக் கீழே கொண்டுவந்தது. தட்டிக்கொட்டிச் சரிசெய்து, 'ஏஷியாசாட் 1' என்று பெயர் மாற்றி, 1990-ல் சீன ராக்கெட்டில் மறுபடி அனுப்பினார்கள். 1991-ல் ஸ்டார் டிவியையும் பிபிசியையும் உங்கள் கூடத்துக்குக் கொண்டுவந்தது இந்த செகண்ட்ஹேண்ட் சரக்குதான்.

அது இருந்த இடம் பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர், தீர்க்கரேகை 105.5 டிகிரி கிழக்கு. அதனால்தான் அந்நாளில் சென்னை மொட்டைமாடிக் குடைகள் கிழக்கே, கொஞ்சம் தெற்கே சாய்ந்து வானத்தைப் பார்த்தன. அவ்வளவு தூரத்திலிருந்து வருகிற சிக்னல் பரம சோனி. எனவே பெரிய டிஷ் வேண்டும். தெருவுக்கு ஒருத்தர் அதை மாட்டி, தென்னை மரம், ஜன்னல் கம்பி வழியாக ஒயர் இழுத்து, வீட்டுக்கு வீடு மாதாமாதம் வசூலித்தார். சட்டமெல்லாம் 1995-ல்தான் வந்தது.

வந்ததென்ன? 'தி போல்ட் அண்ட் த பியூட்டிஃபுல்', 'சான்டா பார்பரா', எம் டிவி. கலாசாரம் போச்சு என்று பெரியவர்கள் பதறினார்கள். மாமியார் மருமகளின் தங்கையைக் காதலிப்பவனை... உறவுமுறை புரிவதற்குள் விளம்பரம் வந்துவிடும். இதைப் பார்த்து யாரும் கெட்டுப்போனதாகத் தெரியவில்லை. தூங்கிப்போனவர்கள் உண்டு.

பயப்பட வேண்டிய விஷயம் வேறிடத்தில் நடந்தது. 1993-ல் ரூபர்ட் மர்டாக் ஸ்டாரில் பெரும்பங்கை வாங்கினார். அந்த வருஷமே ஒரு பேச்சில், தகவல் தொடர்புத் தொழில்நுட்பம் சர்வாதிகார அரசுகளுக்கு அச்சுறுத்தல் என்றார். சீனா கடுப்பாகித் தனியார் டிஷ்களுக்குத் தடை போட்டது. 1994-ல், சீனாவைப் பார்க்கும் பீமிலிருந்து மட்டும் பிபிசி எடுக்கப்பட்டது. இந்தியப் பக்கத்துப் பீமில் தொடர்ந்தது. அதே செயற்கைக்கோள், அதே வானம். யார் எதைப் பார்க்கலாம் என்ற ஸ்விட்ச் மட்டும் தரையில், ஒரு வியாபாரியின் கையில்.

நம்மிடம் எதையும் பிடுங்கவில்லையே என்கிறீர்களா? பிடுங்கினார்கள், ரொம்ப நாசூக்காக. ஆங்கிலம் பேசினால் கொஞ்சம் பேர்தான் பார்ப்பார்கள் என்று கணக்குப் போட்டு, 2000-ல் ஸ்டார் ப்ளஸ் முழுக்க இந்திக்கு மாறியது. அதைத் தூக்கி நிறுத்திய 'கௌன் பனேகா குரோர்பதி' பிரிட்டிஷ் ஐடியா. 2001-ல் விஜய் டிவியும் ஸ்டாரிடம் போயிற்று. அதில் 2017-ல் வந்த 'பிக் பாஸ்', 1999-ல் நெதர்லாந்தில் பிறந்த சமாசாரம். கமல் தமிழில் பேசியதால் நம்மூர் நிகழ்ச்சி போலத் தோன்றுகிறது. வெளிநாட்டிலிருந்து வந்தது அச்சு மட்டும். மாவு நம்முடையது, பசியும் நம்முடையது. இடையில் அந்த வெளிநாட்டு மனிதர்கள், அவர்கள் தெரு, சமையல், சண்டை எல்லாம் காணாமல் போய்விட்டன. வெளிநாட்டுச் சேனல்கள் மேல் என் புகார், அவை அந்நியமாக இருந்தன என்பதல்ல. போதிய நாள் அந்நியமாக இருக்கவில்லை என்பதே. ஜன்னல் என்று சொல்லி வாங்கி மாட்டினோம். சத்தம் போடாமல் கண்ணாடியாக மாற்றிவிட்டார்கள். நாமும் தலை சீவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டோம்.

விஜயைக் குறை சொல்லி என்ன, பார்ப்பது நாம்தானே என்பீர்கள். பாதி சரி. ஆனால் சேனல் பட்டியலைத் தயாரிப்பது நாமில்லை.

இப்போது டிஷ்ஷே வேண்டாம். ஜெர்மனியின் டிடபிள்யூ, பிரான்ஸ் 24, அல் ஜசீரா எல்லாம் போனிலேயே இலவசமாக நேரலையில் வருகின்றன. ஜப்பானின் என்எச்கே வேர்ல்டும் அப்படித்தான். ஜனவரி, மார்ச், மே என்று ஒன்றுவிட்ட மாதங்களில் 15 நாள் சுமோ போட்டி நடக்கும். அதன் தொகுப்பை ஆங்கில வர்ணனையோடு காட்டுகிறார்கள். ஒரு குத்து அரைநிமிஷம்கூட இராது. அதற்குமுன் உப்பை அள்ளி வீசுவதும், முறைப்பதும், திரும்பிப் போவதும், மறுபடி முறைப்பதும் நாலு நிமிஷம். ஒருநாள் பாருங்கள். முதலில் சிரிப்பு வரும். மூன்றாம் நாள் யாராவது ஒரு குண்டருக்காகக் கவலைப்பட ஆரம்பிப்பீர்கள்.