நம்பிக்கைக்கு எத்தனை மதிப்பெண்?

பெங்களூரில் ஆசிரியர் வேலை தேடுகிறவர்கள் இப்போதெல்லாம் ரெஸ்யூமேயோடு இன்னொரு தாளையும் கையில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. சர்ஜாபுரா சாலையிலும் ஒயிட்ஃபீல்டிலும் கட்டணம் அதிகம் வாங்கும் பள்ளிகள் சில, ‘உங்கள் கல்வித் தத்துவம் என்ன? ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதுங்கள்’ என்று கேட்கின்றன. வேலை தருகிறவர் கேட்பதைக் கல்லூரி முன்கூட்டியே பழக்கிவிட வேண்டும் அல்லவா? பி.எட். முதல் செமஸ்டரிலேயே இதை அசைன்மெண்டாகக் கொடுத்து இன்டர்னல் மார்க் போடும் வழக்கம் வந்துவிட்டது. அண்மையில் ஒரு கருத்தரங்கில், ஆசிரியர் பயிற்சியிலேயே முடி நரைத்த நண்பர் ஒருவர் இந்த வழக்கத்துக்காக விரிவாக வாதாடினார். தனக்கென்று ஒரு தத்துவம் இல்லாத ஆசிரியர், பாடநூலைப் பட்டுவாடா செய்யும் தபால்காரர்தான் என்று அவர் முடித்தபோது அரங்கில் நல்ல கைதட்டல். தபால்காரர்கள் யாரும் அங்கே இல்லை என்று நினைக்கிறேன்.

நண்பர் பக்கம் நியாயம் இருக்கிறது. இந்திய ஆசிரியரைக் கல்வியாளர் கிருஷ்ண குமார் ‘சாதுவான சர்வாதிகாரி’ என்று வர்ணித்தார். மேலதிகாரியின் முன்னால் வாய் திறக்காதவர், பிள்ளைகளின் முன்னால் யாரையும் வாய் திறக்க விடாதவர். பாடத்திட்டத்திலோ தேர்விலோ ஒருநாளும் கருத்துக் கேட்கப்படாத அந்த மனிதரிடம் ‘நீ என்ன நினைக்கிறாய்?’ என்று கேட்பது ஒரு மரியாதை. 2009இல் வந்த ஆசிரியர் கல்விக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகம் சிந்திக்கும் ஆசிரியரைக் கோரியது. பி.எட். படிப்பை இரண்டாண்டுகளாக்கிய தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் (என்சிடிஇ) 2014 ஒழுங்குமுறைகள், தன்னைப் புரிந்துகொள்வதற்கென்றே ஒரு தாளை வைத்தன. எழுதுவது சிந்தனையைத் தெளிவாக்கும் என்பதையும் மறுக்கப் போவதில்லை. நல்ல பேராசிரியர் கையில் இந்தப் பயிற்சி சிலரை உலுக்கியும் இருக்கலாம்.

ஆனால் எழுதப்பட்ட தாள்களை வாசித்துப் பாருங்கள். தெரிந்த மாணவிகள் காட்டியவை, திருத்தித் தரச் சொல்லி வந்தவை என்று பல ஆண்டுகளாக நான் வாசித்துவருகிறேன். ஸ்பைரல் பைண்டிங், மேலே பிளாஸ்டிக் அட்டை, முதல் பக்கத்தில் விவேகானந்தரின் பொன்மொழி. அடுத்த பத்தியில் ஜான் டூயி, அதற்கடுத்ததில் வைகோட்ஸ்கி, கொஞ்சம் தாகூர். பெங்களூர் என்பதால் கனகபுரா சாலையில் வேலி ஸ்கூலைத் தொடங்கிய ஜே. கிருஷ்ணமூர்த்தியும் தலைகாட்டுவார். ஆசிரியர் அறிவை ஊட்டுபவர் அல்லர், வழிகாட்டுபவர். வகுப்பறை மகிழ்ச்சியாக இருக்க வேண்டும். ஒவ்வொரு குழந்தையும் தனித்தன்மை கொண்டது. இந்தக் கடைசி வாக்கியம் எல்லாத் தாளிலும் ஒரே சொற்களில் இருக்கும். சீனியர் அக்காவின் தாளிலிருந்து வந்ததா, கல்லூரிக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையிலிருந்து வந்ததா என்று முன்பு ஊகிக்க முடிந்தது. இப்போது சாட்ஜிபிடி வந்து அந்தக் கடைக்காரரின் பிழைப்பிலும் மண் போட்டுவிட்டது.

காப்பி அடிப்பது என் புகார் இல்லை. சொந்தமாகவே எழுதினாலும் இப்படித்தான் வரும். ஏனென்றால் இந்தப் பயிற்சி கேட்பது நம்பிக்கையை, கொடுப்பது மதிப்பெண்ணை. பேராசிரியருக்கு எந்த நம்பிக்கை பிடிக்கும் என்பது முதல் மாதத்திலேயே வகுப்பு முழுவதற்கும் தெரிந்துவிடும். இருபத்திரண்டு வயதுப் பெண் பத்து மார்க்கைப் பணயம் வைத்து உண்மை பேச வேண்டும் என்று எதிர்பார்ப்பதே தப்பு. எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்று அவள் சரியாகவே பிரித்துவிடுகிறாள். எழுதியது எல்லாம் ஆராயத் தேவையில்லாதது. ஆராய வேண்டியது முழுக்க எழுதப்படாமல் உள்ளேயே தங்கிவிடுகிறது.

அடியை எடுத்துக்கொள்வோம். கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 17ஆம் பிரிவு, பிள்ளைகளை உடலாலோ மனத்தாலோ வதைப்பதைத் தடை செய்கிறது. ‘அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்’ என்று கேட்டு வளர்ந்தவர்கள்தாம் நாம் எல்லோரும். அந்த நம்பிக்கை, சட்டம் வந்த மறுநாளே ஆவியாகிவிடவில்லை. ஸ்டாஃப் ரூமில் டீ குடிக்கும்போது அது வெகு இயல்பாக வெளியே வருகிறது: “நாலு சாத்து சாத்தினாத்தான் மேடம் இதுங்க வழிக்கு வரும்.” இப்படிப் பேசுகிறவரும் பி.எட். படிக்கும்போது தத்துவம் எழுதியவர்தான். அதில் அடியைப் பற்றி ஒரு வரி இருந்திருக்காது. இருந்திருந்தால் எதிர்த்தே இருந்திருக்கும். எதனால் அடி பயன்தரும் என்று நினைக்கிறாய், நீ அடி வாங்கிய நாளில் என்ன கற்றாய் என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஒழுங்காக மார்க் வாங்கினார்.

மொழியை எடுத்துக்கொள்வோம். ‘தாய்மொழி வழிக் கல்வியே சிறந்தது’ என்பது இந்தத் தாள்களில் தவறாமல் வரும் இன்னொரு வாக்கியம். கர்நாடகம் இதே கேள்விக்காக இருபது ஆண்டுகள் நீதிமன்றம் ஏறிய மாநிலம். தொடக்க வகுப்புகளில் தாய்மொழி அல்லது கன்னடமே பயிற்றுமொழி என்றது 1994ஆம் ஆண்டு அரசாணை. தனியார் பள்ளிகள் மீது அதைத் திணிக்க முடியாது என்று 2014 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. 2019இல் மாநில அரசே ஆயிரம் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகளைத் திறந்தது. ஸ்ரீராமபுரத்தில் வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பேசும் ஒரு சிறுமி, ஒன்றாம் வகுப்பில் ‘ஏ ஃபார் ஆப்பிள்’ படிக்கிறாள். அவளுக்கு எது தாய்மொழி வழி? அவளுடைய அம்மா வீட்டு வேலை செய்து கட்டுகிற ஃபீஸுக்கு உன் பதில் என்ன? உன் பிள்ளையை எங்கே சேர்ப்பாய்? இந்த மூன்று கேள்விகளுக்கும் நேர்மையாக எழுதப்பட்ட ஒரு பக்கத்தை நான் வாசித்ததே இல்லை. பொன்மொழி அந்த இடத்தை அடைத்துக்கொள்கிறது.

முட்டையும் அப்படியே. மதிய உணவில் முட்டை தரலாமா என்று கர்நாடகத்தில் மடங்கள் முதல் சட்டமன்றம் வரை சண்டை நடந்தது. முட்டை தருவது 2021 டிசம்பரில் சில மாவட்டங்களில் தொடங்கியது. பிறகு மாநிலம் முழுக்க வந்தது. வேண்டாத பிள்ளைக்கு வாழைப்பழமோ கடலை மிட்டாயோ. அரசாணை அத்தோடு முடிந்துவிடுகிறது. முட்டை வாங்கும் பிள்ளையும் வாழைப்பழம் வாங்கும் பிள்ளையும் ஒரே வரிசையில் உட்காரலாமா, தனித்தனியாகவா? “எனக்கும் முட்டை வேணும் மிஸ், வீட்டுல சொல்லாதீங்க” என்று ஒரு பையன் கிசுகிசுத்தால் என்ன செய்வாய்? ஆசிரியரின் சாதி, வீட்டுச் சமையல், பயம், பரிவு எல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் வெளியே வந்துவிடும். அவருடைய உண்மையான கல்வித் தத்துவம் அதுதான். ‘சமத்துவம்’ என்ற தலைப்பில் அவர் எழுதிய பத்திக்கு அந்த நிமிடத்தில் வேலை இல்லை.

காலவரிசையும் தலைகீழாக இருக்கிறது. இத்தகைய நம்பிக்கை அறிக்கைகளுக்கெல்லாம் முன்னோடியாகக் காட்டப்படுவது டூயி 1897இல் வெளியிட்ட கல்விக் கொள்கைப் பிரகடனம். அதை எழுதியபோது அவர் மாணவர் இல்லை. பென்சில்வேனியாவில் எண்ணெய்க் கிணறுகளால் எழுந்த ஓர் ஊரின் உயர்நிலைப் பள்ளியில் இரண்டாண்டுகள் பாடம் நடத்தியிருந்தார். சிகாகோவில் அவருடைய பரிசோதனைப் பள்ளி 1896 ஜனவரியில் தொடங்கி, பிள்ளைகள் ஓராண்டு ஓடியாடிய பிறகே அந்தப் பிரகடனம் வந்தது. நம் பக்கத்தில் கிஜுபாய் பதேக்கா. வக்கீல் தொழிலை விட்டு வந்து, பாவ்நகரில் 1920இல் பால மந்திரைத் தொடங்கி, பிள்ளைகளோடு பல ஆண்டுகள் கழித்த பிறகுதான் ‘பகல் கனவு’ எழுதினார். அதில் வரும் ஆசிரியர் லட்சுமிராம் முதல் நாளுக்கென்று அழகாகத் திட்டம் போட்டுக்கொண்டு நான்காம் வகுப்புக்குள் நுழைகிறார். அமைதி விளையாட்டைத் தொடங்குகிறார். பிள்ளைகள் கூச்சல் போட்டு அதைக் கவிழ்த்துவிடுகிறார்கள். புத்தகம் அந்தத் தோல்வியிலிருந்துதான் நகர்கிறது. நம் பி.எட். மாணவிக்கோ முதல் செமஸ்டரில் கவிழ ஒரு வகுப்பே இல்லை. இருபது வாரக் களப்பயிற்சியில் பதினாறு வாரம் இரண்டாம் ஆண்டில்தான் வருகிறது. அதற்குள் தத்துவம் பைண்டிங் ஆகி அலமாரிக்குப் போய்விட்டது.

கர்நாடகத்திலேயே இதற்கு மறுதலையான உதாரணம் இருப்பதால்தான் எனக்கு ஆற்றாமை அதிகம். 1995 வாக்கில் மைசூர் மாவட்டம் ஹெக்கடதேவனகோட்டே தாலுகா ஆசிரியர்கள் சிலர், ஆந்திராவின் ரிஷிவேலி கிராமப் பள்ளிகளைப் பார்த்துவிட்டு வந்து ‘நலி கலி’ என்ற கற்பித்தல் முறையைத் தொடங்கினார்கள். அவர்கள் எழுதியது தத்துவம் இல்லை, அட்டைகள். எழுத்து படிக்க ஒன்று, கணக்குக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று. படிக்கத் தெரியாத பிள்ளையும் தனக்குரியதை எடுக்கும்படி ஒவ்வோர் அட்டையிலும் ஒரு படக்குறி. சுவரில் கற்றல் ஏணி. தலைக்கு மேலே கயிற்றுப் பந்தலில் பிள்ளைகளின் வேலைப்பாடுகள். ஆசிரியரின் உதவி முழுமையாகத் தேவைப்படும் குழு ஒன்று, தானாகவே கற்கும் குழு ஒன்று, நடுவே சகபிள்ளைகளின் உதவியோடு கற்பவர்கள். பத்து நாள் வராமல் போன பிள்ளை, விட்ட படியிலிருந்தே தொடரலாம். ‘ஒவ்வொரு குழந்தையும் தனித்தன்மை கொண்டது’ என்று நம்பியதால் அந்த ஏணி வந்ததா, வராமல் போகும் பிள்ளைகளோடு மல்லுக்கட்டியதால் அந்த நம்பிக்கை வந்ததா? எனக்குச் சந்தேகமே இல்லை, இரண்டாவதுதான். 2009 வாக்கில் அது மாநிலம் முழுக்க விரிந்தபோது சடங்காகிப் போன பள்ளிகளும் உண்டு. அது வேறு கதை.

‘மனத்தில் ஊறிய நம்பிக்கைகளை வெளியே கொண்டுவரத்தானே எழுதச் சொல்கிறோம்’ என்று நண்பர் மடக்குவார். கொண்டுவாருங்கள், வேண்டாமென்று யார் சொன்னது? மார்க் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது என்பதே என் வாதம். அதுவும் எந்தக் கல்லூரிகளில்? நாட்டில் தனித்து இயங்கும் 10,000க்கும் மேற்பட்ட ஆசிரியர் கல்வி நிறுவனங்களில் பெரும்பான்மை, விலைக்குப் பட்டம் விற்கின்றனவே தவிர முறையாகக் கற்பிக்க முயலவே இல்லை என்று நீதிபதி வர்மா ஆணையத்தை (2012) மேற்கோள் காட்டி 2020 தேசியக் கல்விக் கொள்கையே சொல்கிறது. வருகைப் பதிவேடே கற்பனையாக இருக்கும் இடத்தில் மாணவியின் அகத்தைத் திறந்து பார்க்கிறோம் என்பது கொஞ்சம் அதிகம். நல்ல கல்லூரிகளும் இந்த ஊரில் உண்டு, அவற்றையும் சேர்த்து அடிக்கிறேன் என்று தெரிகிறது. ஆனால் நல்ல கல்லூரியில் இந்தப் பாவனை இன்னும் நேர்த்தியாகக் கற்பிக்கப்படுகிறது. அங்கே மாணவி, கல்வியாளர் ஃபிரெய்ரேவையும் சரியான பக்க எண்ணோடு மேற்கோள் காட்டிவிடுவாள்.

எழுதவே வேண்டும் என்றால் களப்பயிற்சியின் பதினாறு வாரம் முடிந்த பிறகு எழுதட்டும். எனக்குக் கல்வி என்றால் என்ன என்று எழுத வேண்டாம். தன்னால் கற்பிக்க முடியாமல் போன ஒரு பிள்ளையைப் பற்றி மூன்று பக்கம். அவன் எங்கே உட்கார்ந்தான், எந்தக் கணக்கில் நின்றான், அவனைப் பற்றி நீ என்ன நினைத்தாய், அது எந்த நாளில் பொய்த்தது அல்லது பொய்க்கவில்லை. அதன் அடியில் அந்த வகுப்பின் நிரந்தர ஆசிரியர் நான்கு வரி எழுதிக் கையெழுத்துப் போடட்டும். அவருக்கு அந்தப் பிள்ளையைத் தெரியும், கதை விட முடியாது. மதிப்பெண் கிடையாது.

இதை நண்பரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். மதிப்பெண் இல்லாத எதையும் பல்கலைக்கழகம் பாடத்திட்டத்தில் ஏற்றுக்கொள்ளாது என்றார், மாணவர்களும் எழுதமாட்டார்கள் என்றார். இரண்டாவதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. களப்பயிற்சி முடிந்து வரும் பெண்களின் பக்கத்தில் பஸ்ஸில் உட்கார்ந்து பாருங்கள். வீடு போய்ச் சேரும்வரை அவர்கள் வேறு எதையும் பேசுவதில்லை.