நடிகையின் தெரிவுரிமை: ஒலிவியா டி ஹாவிலண்டின் கலைவாழ்வு பற்றிய ஓர் ஆய்வு

தோற்றுவாய்

புலவர் ஒருவரைத் திறனாயப் புகுவோர் முதற்கண் துணிய வேண்டுவது, அவர் பெயரால் வழங்கும் நூல்களுள் அவர் இயற்றியவை எவை என்பதே. இடைச்செருகல் இது, பிற்காலத்தார் பாடியது இது எனப் பிரித்தறிந்த பின்னரே, அவர்தம் நடை, நோக்கு, வளர்ச்சி ஆகியவற்றை ஆராய்தல் கூடும். இவ்வினா நடிகர்திறத்து எழுப்பப்படுவது அரிது. நடிகர் ஒருவர் தோன்றிய படங்களையெல்லாம் கால முறையில் நிரல்பட வைத்து, அந்நிரலையே அவருடைய கலைவாழ்வு எனக் கொள்ளும் வழக்கம் திரைப்படத் திறனாய்வில் நிலைபெற்றுவிட்டது. அந்நிரலை அமைத்தவர் யார் என வினவுவார் சிலரே. பொற்காலம் எனப் போற்றப்படும் 1930, 1940-ஆம் ஆண்டுகளின் ஹாலிவுட்டில் அதனை அமைத்தவர் பெரும்பாலும் நடிகர் அல்லர். அவரை ஒப்பந்தத்தாற் பிணித்த படநிறுவனத்தாரே ஆவர்.

இக்கருத்தை விளக்குதற்கு ஒலிவியா டி ஹாவிலண்ட் அம்மையாரின் கலைவாழ்வினை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். அவரைப் பற்றி இரு கருத்துகள் வழங்கி வருகின்றன. இயல்பிலேயே மென்மையும் நன்மையும் வாய்ந்தவர் ஆதலின் அத்தகைய பாத்திரங்களில் எளிதிற் சிறந்தார் என்பது ஒன்று. தம் நிறுவனத்தின்மேல் வழக்குத் தொடுத்து வென்றார் என்பது மற்றொன்று. முன்னதைக் கலை பற்றியதாகவும், பின்னதை வரலாற்றுச் செய்தியாகவும் தனித்தனியே வைத்துப் பேசுவர். அவ்வாறு பிரித்தல் பொருந்தாது என்பதும், அவ்வழக்கே அவருடைய கலையை விளங்கிக்கொள்ளுதற்குரிய திறவுகோல் என்பதும் நம் கருத்தாகும்.

ஒப்பந்தக் காலம்

அம்மையார் 1916-இல் டோக்கியோ நகரில் ஆங்கிலேயப் பெற்றோர்க்கு மகளாகப் பிறந்தார், கலிபோர்னியாவில் வளர்ந்தார். 1934-இல் மாக்ஸ் ரைன்ஹார்ட் மேடையேற்றிய ஷேக்ஸ்பியரின் ‘நடுவேனிற் கனவு’ நாடகத்தில் ஹெர்மியாவாக நடித்தார். அந்நாடகத்தை 1935-இல் வார்னர் சகோதரர் நிறுவனம் படமாக்கியபோதும் அப்பாத்திரம் அவருக்கே வாய்த்தது. அந்நிறுவனத்தின் ஒப்பந்த நடிகையாகவே அவர் திரையுலகிற் புகுந்தார்.

1935-இல் வந்த ‘காப்டன் பிளட்’ படத்தில் எரால் பிளின் தலைவராகவும் அம்மையார் தலைவியாகவும் நடித்தனர். படம் பெருவெற்றி பெற்றது. வெற்றி பெற்ற ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்வது வாணிக மரபு. 1941-ஆம் ஆண்டிற்குள் இவ்விணையைக் கொண்டு எட்டுப் படங்கள் எடுக்கப்பட்டன. அவற்றுட் பெரும்பாலானவற்றில் தலைவனுக்கு வாள் உண்டு, குதிரை உண்டு, கொள்கை உண்டு. தலைவிக்கு அவனைக் காத்திருக்கும் தொழிலே உண்டு. 1938-இல் வந்த ‘ராபின் ஹூட்’ படத்தில் அம்மையாரின் மேரியன், வெறுப்பு ஐயமாகவும், ஐயம் அன்பாகவும் மாறுவதைப் பார்வையாலேயே புலப்படுத்துகின்றாள். ஆயினும் கதைமுடிபை அவள் செயல் நிறுவுவதில்லை, வாட்போரே நிறுவுகின்றது.

அக்கால ஒப்பந்தத்தின் இயல்பை ஈண்டு அறிதல் வேண்டும். நிறுவனம் கொடுக்கும் பாத்திரத்தை நடிகர் ஏற்றாக வேண்டும். மறுப்பின் ஊதியமின்றி இடைநிறுத்தம் செய்யப்படுவார். அக்காலத்திற் பிற நிறுவனத்திற் பணிபுரியவும் இயலாது. அன்றியும், இடைநிறுத்தப்பட்ட நாள்கள் ஒப்பந்தத்தின் இறுதியிற் கூட்டப்படும். மறுக்குந்தோறும் பிணிப்பு நீளும்; ஓயாது மறுப்பவர்க்கு அதற்கு முடிவே இல்லை. நடிகரைப் பிற நிறுவனத்திற்கு இரவல் கொடுக்கும் உரிமையும் நிறுவனத்தார்க்கே இருந்தது.

இரவலாகச் சென்ற இரு படங்களே அம்மையாரின் ஆற்றலை முதலில் வெளிப்படுத்தின என்பது கருதத்தக்கது. ஒன்று, செல்ஸ்னிக் தயாரித்த ‘கான் வித் த விண்ட்’ (1939). மற்றொன்று, பாரமவுண்ட் நிறுவனத்தின் ‘ஹோல்ட் பேக் த டான்’ (1941). முன்னதில் நடிக்க நிறுவனத் தலைவர் ஜாக் வார்னர் இசையாதபோது, அம்மையார் அவர்தம் மனைவியாரைக் கண்டு பேசி இசைவு பெற்றார். பாத்திரத்தைத் தாமே தெரிந்துகொள்ளும் வேட்கை அப்போதே அவர்பால் அரும்பியிருந்தது என்பதற்கு இது சான்றாகும்.

மெலனி

‘கான் வித் த விண்ட்’ படத்தில் அம்மையார் ஏற்றது மெலனி என்னும் பாத்திரம். மெலனி நல்லவள், நடித்தவரும் நல்லியல்பினர், எனவே நடிப்புக்கு ஈண்டு வேலையில்லை என்பார் உளர். இக்கூற்றைப் படத்தின் ஒரு காட்சியே மறுக்கும்.

வீட்டினுட் புகுந்த படைவீரன் ஒருவனை ஸ்கார்லெட் சுட்டு வீழ்த்துகின்றாள். மகப்பேற்றின் பின் எழுந்து நிற்கவும் வலியற்ற மெலனி, ஏந்த இயலாத வாளொன்றைக் கையிற்பற்றி மாடிப்படியின் மேல் தோன்றுகின்றாள். கீழே கிடக்கும் உடலைக் கண்டு அவள் அலறவில்லை. கொன்றது நன்றென்றே கூறுகின்றாள். வெளியிலிருந்து வினவுவோர்க்குச் சாளரத்தின் வழியே நகைமுகத்துடன் விரைந்து ஒரு பொய்யை உரைத்துவிடுகின்றாள். அம்மையாரின் குரல் ஈண்டு மூன்று நிலைகளைச் சில நொடிகளிற் கடக்கின்றது: தளர்ச்சி, உறுதி, பிறரை ஏமாற்றும் போலி மகிழ்ச்சி. மூன்றும் ஒரே பெண்ணின் குரலாகவே ஒலிக்கின்றன. தொல்காப்பியர் பெருமிதம் என்னும் மெய்ப்பாட்டிற்குரிய நிலைக்களன்களுள் ஒன்றாகத் தறுகண்மையைக் கூறுவார். மென்மையின் அடியில் அத்தறுகண்மையை வைத்து நடித்ததே அம்மையாரின் திறம். அதனை இயல்பெனக் கூறுவோர், கலை தன்னை மறைத்துக்கொண்டதைக் கலையின்மையெனப் பிழைபடக் கொண்டவராவர்.

‘ஏழாண்டு’ என்னும் சொல்

தகுதியற்றவை எனத் தமக்குத் தோன்றிய பாத்திரங்களை அம்மையார் மறுக்கலானார், இடைநிறுத்தம் பெற்றார். 1943-இல் ஏழாண்டு ஒப்பந்தம் முடிவுற்றபோது, இடைநிறுத்த நாள்களைக் கூட்டி ஏறத்தாழ ஆறு திங்கள் மேலும் பணிபுரிய வேண்டுமென நிறுவனத்தார் கூறினர். அம்மையார் நீதிமன்றத்தை நாடினார்.

இத்தகைய போராட்டத்தில் அவர் முதல்வர் அல்லர். 1936-இல் பெட்டி டேவிஸ் இங்கிலாந்தில் இதே நிறுவனத்தை எதிர்த்து நின்று தோல்வியுற்றார். அம்மையாரின் வழக்கறிஞர் மார்ட்டின் காங், கலிபோர்னியத் தொழிலாளர் சட்டத்தின் ஒரு விதியை அடிப்படையாகக் கொண்டார். தனிப்பட்ட உழைப்புக்குரிய ஒப்பந்தத்தைப் பணி தொடங்கியதிலிருந்து ஏழாண்டிற்கு மேல் உழைப்பவர்மீது வலியுறுத்தலாகாது என்பது அவ்விதியின் கருத்து.

வழக்கு ஒரு சொல்லின் பொருளைப் பற்றியதாயிற்று. ஏழாண்டு என்றது நடிகர் மெய்யாகப் பணிபுரிந்த காலத்தையே குறிக்கும் என்றனர் நிறுவனத்தார். நாட்காட்டியின்படி கழிந்த ஏழாண்டே என்றனர் அம்மையார் தரப்பினர். உரையாசிரியர்களின் சொற்போர்களிற் பயின்ற நமக்கு இவ்வினா புதிதன்று. சொல்லுக்கு உலகம் வழங்கும் வெளிப்படைப் பொருள் நிற்க, ஒருவர்தம் நலத்திற்கேற்ப வேறு பொருளை வருவித்தல் தகுமா என்பதே அது. தகாதென்றே 1944 திசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏழாண்டு என்பது நாட்காட்டி ஆண்டுகளையே குறிக்கும் என்றும், பொதுநலங் கருதி இயற்றப்பட்ட அப்பாதுகாப்பைத் தனியார் ஒப்பந்தத்தால் விலக்க இயலாதென்றும் அது துணிந்தது.

வெற்றி எளிதில் வந்ததன்று. வழக்கு நிகழ்ந்த காலத்தில் ஏனைய நிறுவனங்கள் தம்மைப் பணிக்கு அமர்த்தாதவாறு தடுக்கப்பட்டமையின், புகழின் நடுவில் அம்மையார் நடிக்க இயலாதிருந்தார். ஒரு நடிகைக்கு அவ்விளமை ஆண்டுகள் மீட்கவொண்ணாதவை. அவற்றை விலையாகத் தந்தே உரிமையைப் பெற்றார்.

வழக்கிற்குப் பின்

உரிமை பெற்றபின் அம்மையார் தெரிந்த பாத்திரங்கள் யாவை? ‘டு ஈச் ஹிஸ் ஓன்’ (1946) படத்தில், மணமாகாது ஈன்ற மகனைப் பிறர் வளர்க்கக் கண்டு முதுமை எய்தும் தாய். ‘த ஸ்னேக் பிட்’ (1948) படத்தில், மனநோய் மருத்துவமனையில் தன்னை இழந்து மீட்கும் எழுத்தாளப் பெண். இதற்கென மனநோய் மருத்துவமனைகளுக்குச் சென்று நோயாளர் நிலையை அவர் நேரிற் கண்டறிந்தார். அழகிய தலைவியரை அம்மையார் தெரிந்திலர். உலகம் இழித்துநோக்கும் பெண்டிரையே தெரிந்தார். இளிவரலை அடியாகக் கொண்டு பெருமிதத்திற்கு உயரும் பாத்திரங்களே இவை.

இவற்றுள் தலையாயது ‘த ஏரஸ்’ (1949). ஹென்றி ஜேம்ஸ் 1880-இல் வெளியிட்ட ‘வாஷிங்டன் ஸ்கொயர்’ என்னும் புதினத்தைத் தழுவிய நாடகத்தை மேடையிற் கண்ட அம்மையார், அதனைப் படமாக்குமாறு இயக்குநர் வில்லியம் வைலரைத் தாமே அணுகினார். ஆகவே இப்படம் அவர்பால் வந்தது அன்று. அவர் தேடிச் சென்றது.

காதரின் செல்வர் மகள். அழகும் பேச்சுத்திறனும் இல்லாதவள் எனத் தந்தையால் இகழப்படுபவள். அவளை விரும்புவதாகக் கூறும் மாரிஸ், அவள் செல்வத்தை இழக்கக்கூடும் என்றறிந்ததும், குறித்த இரவில் வாராதொழிகின்றான். அவ்விரவுக்கு முன் காதரினின் குரல் மெலிந்து தடுமாறுவது. பின் அது தாழ்ந்து திண்மையுறுகின்றது. தந்தை இறக்குந் தறுவாயில் அழைத்தும் அவள் செல்வதில்லை. பல்லாண்டு கழித்து மாரிஸ் மீண்டும் வருகின்றான். அவள் தையல் வேலையை முடித்து நூலை அறுக்கின்றாள். கதவைத் தாழிடச் செய்கின்றாள். அவன் கதவைத் தட்டித் தட்டி அழைக்க, விளக்கை ஏந்தி மாடிப்படி ஏறுகின்றாள்.

புதினத்தில் இம்முடிபு இல்லை. ஆங்கே காதரின் மாரிஸை அமைதியாக மறுத்தனுப்பிவிட்டுத் தன் தையலை மீண்டும் எடுத்துக்கொண்டு அமர்கின்றாள். புதினத்தின் அமைதியே நுண்ணியது, படத்தின் முடிபு பழிவாங்கலாய்ச் சுருங்கிவிட்டது என்பார்க்கு நாம் கூறுவது இது. படியேறும்போது அம்மையாரின் முகத்தில் வெற்றிக்களிப்பு மட்டும் இல்லை. இனி எவரையும் நம்பவியலாத ஒருத்தியின் வெறுமையும் அதனுள் உண்டு. மறுத்தற்குரிய ஆற்றலையும் மறுப்பதனால் நேரும் இழப்பையும் ஒருங்கே உணர்ந்தவர் முகம் அது. கதையை மாற்றியவர் நாடக ஆசிரியர். மாற்றத்தைப் பழிவாங்கல் என்னும் நிலையினின்று மேலே உயர்த்தியவர் நடிகை.

தடைகளும் விடைகளும்

அம்மையார் ஆஸ்கார் பரிசிற்கு ஐந்து முறை பரிந்துரைக்கப் பெற்றார். 1946, 1949-ஆம் ஆண்டுகளின் படங்களுக்குச் சிறந்த நடிகைக்குரிய பரிசினைப் பெற்றார். அவ்வைந்தனுள் ஒன்றேனும் அவரை ஒப்பந்தத்திற் கொண்டிருந்த வார்னர் நிறுவனத்தின் படத்திற்கு உரியதன்று. பரிசு கலைக்கு அளவுகோல் ஆகாதெனினும், இச்செய்தியைத் தற்செயல் எனத் தள்ளுதல் இயலாது.

எனினும் நம் கருத்துக்கு இரு தடைகள் எழுதல் கூடும். உரிமையே கலையைப் பிறப்பிக்கும் எனின், ஒப்பந்தக் காலத்து மெலனி எங்ஙனம் சிறந்தாள்? வார்னர் நிறுவனத்தின் ‘ஸ்ட்ராபெரி பிளாண்ட்’ (1941) படத்தின் இனிய நடிப்பு எங்ஙனம் அமைந்தது? உரிமை பெற்றபின் வந்தவை யாவும் சிறந்தனவா? இவற்றிற்கு விடை: உரிமை கலையைப் பிறப்பிக்கும் என நாம் கூறவில்லை, கலைஞர் தம் கலைக்குப் பொறுப்பேற்றலை இயலச் செய்யும் என்றே கூறுகின்றோம்.

இரண்டாவது தடை வன்மையுடையது. மறுக்கும் உரிமை, கொடுக்கப்படுவோர்க்கே பயன்படும். மெலனிக்காக அம்மையார் துணைநடிகைப் பரிசிற்குப் பரிந்துரைக்கப் பெற்றபோது, 1940-இல் அதனை வென்றவர் அதே படத்தில் நடித்த ஹாட்டி மக்டானியல். அப்பரிசினைப் பெற்ற முதற் கருப்பினக் கலைஞர் அவரே. ஆயினும் விழா மண்டபத்தில் அவர் பிறரினின்று ஒதுக்கப்பட்டே அமர வேண்டியிருந்தது; பின்னரும் பணிப்பெண் பாத்திரங்களே அவர்க்குப் பெரிதும் வந்தன. அடிமை வாழ்வை இனியதாகக் காட்டிய அப்படத்தின் குறையும் இதனோடு இணைத்தெண்ணத்தக்கது. தெரிதற்கு வேறு பாத்திரமே இல்லாதவர்க்கு 1944-ஆம் ஆண்டின் தீர்ப்பு எதனையும் வழங்கவில்லை. ஆதலின் அத்தீர்ப்பின் பெருமையை அதன் எல்லையோடு சேர்த்தே கூறுதல் முறை.

முடிபுரை

1950-களில் அம்மையார் பாரிஸ் நகரிற் குடியேறினார், படங்கள் குறைந்தன. 1965-இல் கான் திரைப்பட விழாவின் நடுவர் குழுவிற்குத் தலைமை தாங்கிய முதற் பெண்மணி ஆனார். 2020-இல் தம் 104-ஆம் அகவையிற் பாரிஸில் மறைந்தார். ஏழாண்டு பற்றிய விதி இன்றும் அவர் பெயராலேயே சுட்டப்பெறுகின்றது.

நடிகர் ஒருவரின் படநிரலை நோக்குவோர், அவர் ஏற்றவற்றை மட்டுமின்றி, மறுத்தவற்றையும், மறுக்க இயலாது ஏற்றவற்றையும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். திணிக்கப்பட்டதற்கு அவரைப் பழித்தலும் முறையன்று. வாய்த்ததற்குப் புகழ்தலும் முறையன்று. பாடல் யாருடையது எனத் தெளிந்த பின்னரே புலவரைப் பேசுகின்றோம். பாத்திரத்தைத் தெரிந்தவர் யார் எனத் தெளிந்த பின்னரே நடிகரைப் பேசுதல் வேண்டும். ஒலிவியா அம்மையாரின் கலைவாழ்வு திறனாய்வாளர்க்கு உணர்த்தும் நெறி இதுவே.