அண்ணன்மார் சாமி கதையின் முடிவு

அண்ணன்மார் சாமி கதை கொங்கு நாட்டின் நாட்டார் காவியம். பொன்னர், சங்கர் என்னும் இரட்டையரையும் அவர்களின் தங்கை அருக்காணித் தங்காளையும் பற்றியது. சூலூர், பல்லடம், காங்கேயம் வட்டாரங்களில் உடுக்கைப்பாட்டாகப் பல இரவுகள் தொடர்ந்து பாடப்படுவது. மாயவரின் சூழ்ச்சி, கொம்பன் என்னும் காட்டுப்பன்றி, அதை வீழ்த்த உதவும் பொன்னாச்சி என்னும் நாய் என மாயங்கள் நிறைந்த இக்கதை நாயகர்களின் சாவில் முடிகிறது. இம்முடிவு கேட்பவருக்கு நிறைவு தருகிறதா என்பது இக்காவியத்தை மதிப்பிடுவதில் முதன்மையான கேள்வி.

முடிவு

பன்றி வேட்டைக்கும் வேட்டுவருடனான போருக்கும் பின் இளையவரான சங்கர் தன் காலம் முடிந்ததை உணர்ந்து தன் வாளில் வீழ்கிறார். தம்பியைக் கண்ட பொன்னரும் அவ்வாறே உயிர்விடுகிறார். அண்ணன்மாரைத் தேடிவரும் தங்காள் பெரியகாண்டி அம்மனின் அருளால் அவர்களை எழுப்புகிறாள். எழுந்தவர்கள் சிறிது நேரம் பேசிவிட்டு விண்ணுலகு செல்கிறார்கள்.

மனக்குறைகள்

இம்முடிவில் மூன்று குறைகள் தோன்றும். முதலாவது, வெல்ல முடியாத வீரர்கள் எதிரியின் கையால் அன்றித் தம் வாளாலேயே மடிகிறார்கள். அவர்களுக்குப் பதினாறு ஆண்டுகளே ஆயுள் என்று பிறப்பிலேயே விதிக்கப்பட்டிருப்பதால் கதையின் தர்க்கப்படி இதில் பிழையில்லை.

இரண்டாவது, குலம் தொடரவில்லை. இக்கதை பிள்ளையில்லாத துயரில் தொடங்குவது. தாய் தாமரை நீண்ட தவமிருந்து பெற்ற மக்கள் வாரிசின்றி மறைகிறார்கள். தவத்தின் பயன் ஒரு தலைமுறையோடு தீர்ந்துவிடுகிறது.

மூன்றாவது, அண்ணன்மாரின் மனைவியர். மணமாகியும் இல்லறம் அறியாத இவர்களின் துயருக்குக் கதை எந்த ஈடும் செய்வதில்லை. முடிவின் உணர்ச்சி முழுவதும் தங்கையிடமே குவிகிறது. காவியத்தின் தீராத குறை இதுவே.

படுகளம்

இக்குறைகள் இருந்தும் கொங்கு நாட்டில் இக்கதை வேறு முடிவு கேட்டு நிற்காததற்குக் காரணம் படுகளம் என்னும் சடங்கு. அண்ணன்மார் மடியும் இடத்தைப் பாட்டு எட்டும்போது கேட்போரில் சிலர் அருள்வந்து பிணம்போல் விழுகிறார்கள். அவர்களைக் கிடத்தித் துணியால் மூடுகிறார்கள். தங்காளாக நிற்கும் பெண் தீர்த்தம் தெளிக்க, விழுந்தவர்கள் எழுகிறார்கள். மணப்பாறை அருகே உள்ள வீரப்பூரில் மாசித் திருவிழாவிலும் இது நிகழ்கிறது.

கதைக்குள் உயிர்த்தெழுதல் சிறு பொழுதுதான். அண்ணன்மார் எழுந்து மீண்டும் போய்விடுகிறார்கள். சடங்கில் எழுபவர்களோ ஊர்க்காரர்கள். எழுந்து வீட்டுக்குத் திரும்புகிறார்கள். கதை மறுத்த ஆறுதலைச் சடங்கு தருகிறது. வாரிசில்லாத குலத்துக்குக் கேட்போரே வாரிசு ஆகிறார்கள்.

அச்சு வடிவங்கள்

சக்திக்கனல் பதிப்பித்த 'அண்ணன்மார் சுவாமி கதை' 1971-ல் வெளிவந்தது. கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965-ல் காங்கேயம் பகுதியில் இக்கதையைப் பாடக் கேட்டு ஒலிநாடாவில் பதிவுசெய்தார். பின்னர் 26 பகுதிகள் கொண்ட அசைவூட்டத் தொடராகவும் ஆக்கினார். மு. கருணாநிதி 'பொன்னர் சங்கர்' என்ற பெயரில் இதை வரலாற்றுப் புதினமாக எழுதினார். அதைத் தழுவிய திரைப்படம் 2011-ல் வந்தது.

அச்சிலும் திரையிலும் படுகளம் இல்லை. அங்கே முடிவின் முழுச் சுமையையும் கதையே தாங்கவேண்டியிருக்கிறது. பாட்டில் ஓர் இரவை நிறைக்கும் தங்காளின் ஒப்பாரி தாளில் சில பக்கங்களாகச் சுருங்குகிறது. இக்கதையை முதன்முதலில் நூலாக வாசிப்பவர் முடிவு திடீரென்று வருவதாக உணர்வது இதனால்தான்.

ஒப்பீடு

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடராக வந்து முடிந்தபோது, கதைமாந்தர்கள் பின்னர் என்ன ஆனார்கள் என்று வாசகர்கள் கேட்டனர். கல்கி முடிவுரை எழுதி விளக்கவேண்டியிருந்தது. முடிவு தெரியாமல் வாரந்தோறும் காத்திருந்த வாசகரின் ஏமாற்றம் அது. அண்ணன்மார் கதையைக் கேட்பவருக்கு முடிவு முன்பே தெரியும். அவர் என்ன நடக்கும் என்று அறிய வருவதில்லை. அழுவதற்கும் எழுப்புவதற்கும் வருகிறார்.

மதிப்பீடு

தனித்த இலக்கியப் பிரதியாக இம்முடிவு முழு நிறைவு தருவதல்ல. மனைவியரை அது கைவிடுகிறது. மாயவரின் தலையீட்டை மிகையாகச் சார்ந்திருக்கிறது. ஆனால் மடிந்தவரை எழுப்பும் ஆற்றலை ஒரு தங்கையின் கையில் வைத்ததும், அந்த எழுதலை நிலைக்கவிடாததும் அதன் வலிமைகள். அண்ணன்மார் பிழைத்து நாடாண்டிருந்தால் அவர்களை ஆண்டுதோறும் எழுப்பவேண்டிய தேவை எந்த ஊருக்கும் இருந்திருக்காது.